அம்மா பேரில் மறதிநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

அம்மா 2023 தை மாதம் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆறு வருடம் மறதிநோய். ஊரில் "வயசானா அறளை பேர்றது சகஜம்தானே" என்றார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு முதல் இரண்டு வருடம் வைத்தியமில்லாமல் போனது.

நாங்கள் நான்கு பேர். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன், பெரிய தம்பி சென்னையில், தங்கை மஸ்கட்டில், சின்னத் தம்பி நியூ ஜெர்சியில். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா பேரில் ஏதாவது செய்ய வேண்டும், அது இந்த நோய்க்கான ஆராய்ச்சியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். முடிவெடுக்கப் பத்து நிமிடம் ஆனது. பணம் போய்ச் சேரப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் எங்கள் அறியாமையால் வீணானது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில லட்சங்கள் கொடுக்க நினைக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கான குறிப்பு இது. எங்கள் தொகை பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வரி பற்றி நான் சொல்வதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.

1. பணம் என்ன வேலை செய்ய வேண்டும்?

நாங்கள் செய்த முதல் தப்பு, யாருக்குக் கொடுப்பது என்று தேட ஆரம்பித்தது. எதற்குக் கொடுப்பது என்று முதலில் பேசியிருக்க வேண்டும். "மறதிநோய் ஆராய்ச்சிக்கு" என்று பொதுவாகச் சொன்னால் எந்த நிறுவனமும் நன்றி சொல்லி வாங்கிப் பொதுக் கணக்கில் போட்டுக்கொள்ளும். அது தப்பில்லை. ஆனால் நாளைக்கு அது என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் புது மருந்து வராது, எம்ஆர்ஐ மெஷினும் வாங்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்துக்கு இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பம் 225 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தது. அந்த மையம் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரா பக்கத்துக் கிராமத்து ஆட்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. அந்த அளவுக்கு யோசித்தால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் சின்னப் பணத்துக்கென்று வேலைகள் இருக்கின்றன: கிராமங்களுக்குப் போய்ச் சோதிக்கும் களப்பணியாளர் சம்பளம், சோதனைக்கு வரும் முதியவருக்கும் கூட வருபவருக்கும் வண்டிச் செலவு, பராமரிப்பவர்களைப் பற்றிய ஆய்வு, சோதனைக் கேள்விகளைத் தமிழுக்கும் நம் ஊருக்கும் பொருந்த மாற்றி எழுதும் வேலை.

கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் எடுத்தோம். காரணம் இருக்கிறது. அம்மாவை முதன்முதலில் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது, ஒரு இளம்பெண் அட்டையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "இன்னைக்கு என்ன தேதி பாட்டி?" அம்மா யோசிக்காமல் "ஆவணி பதினெட்டு" என்றார். சரியான பதில். அந்தப் பெண் செப்டம்பரை எதிர்பார்த்தார், பூஜ்யம் போட்டார். "எந்த மாநிலத்தில் இருக்கோம்?" "தஞ்சாவூர் ஜில்லா." அதற்கும் பூஜ்யம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மூன்றாவது வரை படித்த அம்மா விழித்தார். அதே அம்மாவிடம் நெல் அளவையில் கலத்துக்கு எத்தனை மரக்கால் என்று கேட்டிருந்தால் பன்னிரண்டு என்று பட்டென்று வந்திருக்கும். ஆனால் கரண்டியைக் காட்டி இது என்ன என்றபோது, அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதால சாம்பார் ஊத்துவோமே" என்றார். பெயர் வரவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நோய் இருந்தது உண்மை. ஆனால் அந்த முப்பது மார்க் சோதனை நோயையும் படிப்பில்லாமையையும் ஒன்றாகக் குழப்பி ஒரு எண்ணாக்கிவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) இந்திய மொழிகளுக்கென்று ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. அது முதலில் வந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அதில் இல்லை. நாடு முழுக்க அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கும் என்று 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணித்திருக்கிறது.

ஒரு தாளில் இரண்டே வரியில் எழுதுங்கள்: இந்தப் பணம் இன்ன வேலைக்கு, இத்தனை வருடத்துக்கு. குடும்பத்தில் எல்லோரும் அதைப் படித்துச் சரி என்ற பிறகு அடுத்த அடி வையுங்கள்.

2. கட்டளையா, செலவழிக்கும் நிதியா?

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. கோயிலில் கட்டளை வைப்பதுபோல முதலைத் தொடாமல் வட்டியில் வருடா வருடம் நடக்க வேண்டும் என்பார்கள். எங்கள் மாமாவும் அதைத்தான் சொன்னார். "அம்மா பேரு நின்னு பேசணும்டா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் வருடம் 84,000. மாதம் ஏழாயிரம். அதில் ஒரு களப்பணியாளரைக்கூட வைக்க முடியாது. அதே பணத்தை மூன்று வருடத்தில் செலவழித்தால் வருடம் நான்கு லட்சம், ஒரு ஆள் சம்பளமும் பயணமும் சேர்ந்து வந்துவிடும். எந்தக் காலத்திலோ தாத்தா விளக்கெண்ணெய்க்கு என்று கோயிலில் கட்டிய ஐந்நூறு ரூபாய்க் கட்டளையின் வட்டி இன்று திரிக்குக்கூடக் காணாது என்று மாமாவிடமே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, சம்மதித்ததாக எடுத்துக்கொண்டேன்.

முதலைத் தொடக் கூடாது என்றுதான் நீங்கள் விரும்பினால், இது மூலநிதிக்கான நன்கொடை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் அனுப்பினால் சாதாரண நன்கொடையாகத்தான் கணக்கில் ஏறும்.

3. சொந்தமாக அறக்கட்டளை வேண்டாம்

எங்களுக்கு நான்கு மாதத்தைத் தின்றது இந்த ஆசை. அம்மா பேரில் டிரஸ்ட், லெட்டர்பேட், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பத்திரம் எழுதிப் பதிவு செய்வது சுலபம்தான். அதற்குப் பிறகுதான் இருக்கிறது வேலை: டிரஸ்டுக்குத் தனி பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் பதிவு, நன்கொடையாளருக்கு விலக்கு கிடைக்க 80ஜி பதிவு. முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, மூன்று வருடத்துக்கு. அப்புறம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வருடா வருடம் ரிட்டர்ன் வேறு. எங்கள் ஆடிட்டர், பாவம், கட்டணத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்: "பன்னண்டு லட்சத்துக்கு டிரஸ்ட் வெச்சா எனக்கும் பேங்க்குக்கும்தான் லாபம்."

அதோடு, சின்னத் தம்பி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். புதிதாகத் தொடங்கிய நம் டிரஸ்ட் அவன் பணத்தைச் சுலபத்தில் தொட முடியாது. வெளிநாட்டு நன்கொடைப் பதிவு கேட்க, பொதுவாக மூன்று வருடம் செயல்பட்டு, அந்த மூன்று வருடத்தில் பதினைந்து லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஆய்வு செய்துகொண்டிருக்கும் நிறுவனத்துக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள். அம்மா பேரை நிதிக்கு வைக்கலாம், டிரஸ்டுக்குத்தான் வைக்க வேண்டும் என்று இல்லை.

4. நிறுவனத்தைத் தேடுவதும் சோதிப்பதும்

தெற்கே இந்த வேலையில் பெயர் தெரிந்தவை சில. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம். மேலே சொன்ன மூளை ஆராய்ச்சி மையம். சென்னையில் ஸ்கார்ஃப், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. மனச்சிதைவு ஆய்வுக்காகப் பிறந்த நிறுவனம், இப்போது மறதிநோய்ப் பராமரிப்பிலும் இருக்கிறது. வேலூர் சிஎம்சி. கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கம் பராமரிப்பு, விழிப்புணர்வுப் பக்கம். ஆய்வுக்குக் கொடுப்பதும் பராமரிப்பு இல்லத்துக்குக் கொடுப்பதும் வேறு வேறு. உங்களுக்கு எது வேண்டும் என்று முதல் அடியிலேயே தெளிவாகியிருக்கும்.

நாங்கள் நான்கு இடங்களுக்கு எழுதினோம். ஒரு இடத்திலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. இன்னொரு இடத்தில் நிதி திரட்டும் பிரிவிலிருந்து தினமும் போன் வந்தது, ஆய்வு செய்பவர் ஒருவர்கூடப் பேசவில்லை. அதை விட்டுவிட்டோம். ஆய்வாளரே அரை மணி நேரம் பேசி, "உங்க பணத்துல இது முடியும், இது முடியாது" என்று சொன்ன இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

வருமான வரித் துறை இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரும் 80ஜி பதிவும், அது எதுவரை செல்லும் என்பதும். அறிவியல் ஆராய்ச்சிக்கான தனி அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள், வரிப் பகுதியில் ஏன் என்று சொல்கிறேன். வெளிநாட்டுப் பணம் வருவதாக இருந்தால் உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா. மருந்தோ சிகிச்சையோ சோதிப்பதாக இருந்தால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் அதன் பதிவு எண். இந்தப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெம் செல் ஊசியால் மறதிநோய் குணமாகும், அந்த ஆய்வுக்கு உதவுங்கள் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார், வழவழப்பான கையேட்டோடு. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி ஸ்டெம் செல்லுக்கு ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர வேறு எதற்கும் சிகிச்சை அங்கீகாரம் இல்லை. துக்க வீட்டில் இப்படிப்பட்டவர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. பணத்தைத் திரட்டுவது: நிலம், நகை, டெபாசிட்

நிறையக் குடும்பங்கள் தட்டுத் தடுமாறும் இடம் இது. கையில் ரொக்கம் இருப்பவர்கள் ஆறாவது அடிக்குப் போய்விடலாம்.

முதலில் காகிதங்கள். இறப்புச் சான்றிதழ், குறைந்தது ஆறு பிரதி. வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். எங்களுக்கு ஆறு வாரம். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, ஏனென்றால் ஆதாரில் அம்மாவின் பெயருக்குப் பின்னால் "அம்மாள்" இருந்தது, பட்டாவில் இல்லை. விண்ணப்பிக்கும் முன் ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். இறப்புச் சான்றிதழில் தப்பு என்றால் அதை முதலில் திருத்துங்கள்.

டெபாசிட்: நாமினி என்றால் அவருக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை எல்லா வாரிசுகளுக்கும். மற்றவர்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிவைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

நகை: தங்கை அம்மாவின் ஜோடி வளையலை அப்படியே கொடுத்துவிடலாம் என்றாள். பொருளாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது. விற்றால் கடைக்காரரிடம் வங்கி வழியாகப் பணம் கேளுங்கள். கடைசியில் நாங்கள் வளையலை விற்கவில்லை, தங்கை மகளிடம் இருக்கிறது. அதற்கு ஈடான பணத்தைத் தங்கை போட்டாள்.

நிலம்: வலங்கைமானுக்குத் தெற்கே அம்மாவின் பேரில் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நஞ்சை, பிறந்த வீட்டுச் சீர். இதை விற்றுத்தான் பெரும்பகுதித் தொகை வந்தது. கவனிக்க வேண்டியவை நிறைய.

யார் பயிர் செய்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் நிலத்தை இருபது வருடமாக ஒரே குடும்பம் குத்தகைக்குச் செய்துவந்தது. தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவரை ஒதுக்கிவிட்டு வெளியாளுக்கு விற்கப் பார்த்தால் வழக்கு முடிய உங்கள் பிள்ளைகள் காலமாகும். நாங்கள் அவருக்கே விற்றோம், ஊர் விலையைவிட ஒரு லட்சம் குறைத்து ஒன்பதரை லட்சத்துக்கு. அவரிடம் உடனே பணம் இல்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு மீதித் தொகையைத் தந்தார். மாசி ஆகிவிட்டது. டெல்டாவில் நிலம் விற்றுத்தான் பணம் என்றால் உங்கள் காலண்டரை அறுவடை தீர்மானிக்கும், அதற்கேற்ப நிறுவனத்திடம் தேதி சொல்லுங்கள்.

பத்திரத்தில் பாதி, கையில் பாதி என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். இருபதாயிரமோ அதற்கு மேலோ நிலத்துக்காக ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி கூடாது. அப்படி வாங்கிய ரொக்கத்தை ஆய்வு நிறுவனத்துக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்க நன்கொடைக்கு வரி விலக்கே இல்லை. வெள்ளைக் காரியத்துக்குக் கறுப்புப் பணம் உதவாது என்று பெரிய தம்பி சொல்லிச் சிரித்தான்.

கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள கும்பகோணம் போன்ற ஊர் என்றால் வான்வழியாக ஆறு கிலோமீட்டர். அதற்குள் இருந்தால் வரி உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்து: தங்கை மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரப் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினாள். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டி முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் இரண்டரை மாதம் பீரோவில் கிடந்தது. கடைசி வாரத்தில் ஓடினோம். சின்னத் தம்பி தலைத்திவசத்துக்கு வந்தபோது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அவன் பங்கை ஊரில் இருக்கும் எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்கினோம். குடும்பத்துக்குள் விடுதலை என்பதால் முத்திரைத்தீர்வை பங்கின் மதிப்பில் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்கு விவசாய நிலத்தைப் பங்கு மாற்றி எழுத நினைத்தால் முதலில் வக்கீலைக் கேளுங்கள், அந்நியச் செலாவணி விதி குறுக்கே நிற்கும்.

6. யார் கையில் எந்த பாஸ்போர்ட்?

இது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு.

தங்கை மஸ்கட்டில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட். அவள் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் மட்டும் கேட்டார்கள். சின்னத் தம்பி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும் அமெரிக்கக் குடிமகன். அவன் டாலரில் கொடுத்தாலும் சரி, கும்பகோணம் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயில் கொடுத்தாலும் சரி, வெளிநாட்டு நன்கொடைதான். நிறுவனம் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்றிருக்க வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். சாதாரணக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் நிறுவனத்துக்கே சிக்கல்.

"அக்கா கணக்குக்கு அனுப்பிடு, அக்கா குடுத்த மாதிரி குடுத்துடலாம்" என்று உறவில் ஒருவர் சின்னத் தம்பிக்கு யோசனை சொன்னார். இந்த வேலையே வேண்டாம். சின்னத் தம்பி தன் பங்காகத் தனியே மூவாயிரம் டாலரை நேராக அந்த டெல்லிக் கணக்குக்கு அனுப்பினான்.

7. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

நிறுவனம் ஒரு பக்கக் கடிதம் அனுப்பும், "தங்கள் மேலான நன்கொடைக்கு நன்றி" என்று. அதோடு நிற்காதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தக் கடிதம் கேளுங்கள். எங்களுடையது மூன்று பக்கம். வக்கீல் ஐயாயிரம் வாங்கினார்.

எந்த வேலைக்கு, எத்தனை வருடம், எத்தனை தவணை. நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுப்பார்கள் (எங்களிடம் பத்து சொன்னார்கள், ஒப்புக்கொண்டோம், அவர்களுக்கும் கரண்ட் பில் உண்டு). ஆய்வு பாதியில் நின்றால் அல்லது அந்த ஆய்வாளர் வேலையை விட்டுப் போனால் மீதிப் பணம் என்ன ஆகும். இந்த வரி மிக முக்கியம். ஆய்வாளர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் கடிதத்தில், அதே நிறுவனத்தில் தமிழ் பேசும் கிராமத்து முதியோர் பற்றிய வேறொரு மறதிநோய் ஆய்வுக்குப் போகும் என்று எழுதினோம். வருடம் ஒரு முறை கணக்கும் அறிக்கையும். அம்மாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். அம்மாவின் படமோ நோய் விவரமோ எங்கள் சம்மதமில்லாமல் விளம்பரத்தில் வரக் கூடாது.

நீங்கள் கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. ஆய்வு முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்றோ, நம் குடும்பத்துக்குச் சோதனையில் முன்னுரிமை வேண்டும் என்றோ கேட்டால் நல்ல ஆய்வாளர் எழுந்து போய்விடுவார். பெயர்ப் பலகையும் எதிர்பார்க்காதீர்கள். நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சம் மறைவதுபோல இங்கே நடக்காது. ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். மாமாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

8. வரி

விலக்கை நம்பித் தொகையைத் தீர்மானிக்காதீர்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையவே கிடையாது. 2023-24 முதல் நீங்கள் பழைய முறையைக் கேட்டு வாங்காவிட்டால் தானாகப் புதியதில்தான் இருப்பீர்கள். வருமானமெல்லாம் நெல்லும் உளுந்தும்தான் என்றால் வரியே இல்லை, விலக்கும் தேவையில்லை.

பழைய முறையில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 80ஜி விலக்கு பாதித் தொகைக்குத்தான். அதுவும் வருமானத்தில் பத்து சதவீத வரம்புக்குள். உதாரணமாக, கணக்குக்கு வரும் வருமானம் எட்டு லட்சம், கொடுத்தது மூன்று லட்சம் என்று வையுங்கள். கணக்கில் எடுப்பது 80,000, கழிப்பது அதில் பாதி, 40,000. மூன்று லட்சமும் கழியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பாதியை மார்ச் கடைசி வாரத்திலும் பாதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் அனுப்பி இரண்டு நிதியாண்டாகப் பிரித்தோம்.

அறிவியல் ஆராய்ச்சிக்கான தனி அங்கீகாரம் உள்ள நிறுவனம் என்றால், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், ஓய்வூதியக்காரர் 80ஜிஜிஏ பிரிவில் முழுத் தொகையையும் கழிக்கலாம், பத்து சதவீத வரம்பு இல்லை. இதற்கும் பழைய முறையில் இருக்க வேண்டும். இதை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அவரவர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து, அவரவர் பான் எண்ணோடு அனுப்புங்கள். முதல் தவணையில் பெரிய தம்பியின் ஒரு லட்சத்தையும் சேர்த்து நானே அனுப்பிவிட்டேன், சான்றிதழ் முழுவதும் என் பேரில் வந்தது. ரசீது மட்டும் போதாது, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். நிறுவனம் நிதியாண்டு முடிந்து மே 31க்குள் கொடுக்க வேண்டும். ஜூன் பிறந்தும் வரவில்லை என்றால் போன் போடுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. எல்லோரும் இன்னும் கொஞ்ச நாள் 80ஜி என்றுதான் பேசுவார்கள், படிவத்தில் மட்டும் புது எண்ணைப் பாருங்கள்.

9. நாள் கணக்கு

இப்போது தெரிந்ததெல்லாம் அப்போது தெரிந்திருந்தால் எங்களுக்கு ஐந்து மாதம் போதும். குடும்பப் பேச்சுக்கும் இரண்டு வரித் தாளுக்கும் இரண்டு வாரம். வாரிசுச் சான்றிதழுக்கு ஆறு வாரம், அதே நேரத்தில் நிறுவனங்களுக்குக் கடிதம். ஒப்பந்தக் கடிதம் இரண்டு முறை போய்வர ஒரு மாதம். நிலம் என்றால் அறுவடை வரை. மார்ச் கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள், நிறுவனத்தின் கணக்குப் பிரிவு தலை நிமிராது.

எங்களுக்கு ஆன செலவு: வக்கீல், ஆடிட்டர், விடுதலைப் பத்திரம், சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தது, சான்றிதழ் பிரதிகள் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் சொச்சம். இதை நன்கொடையிலிருந்து எடுக்காமல் நால்வரும் தனியே பகிர்ந்துகொண்டோம்.

10. நோயாளி இன்னும் உயிரோடு இருந்தால்

இரண்டு விஷயம். ஒன்று, நோய் முற்றியவரிடம் கைநாட்டு வாங்கி நிலத்தையோ டெபாசிட்டையோ "அவர் சார்பாக" நன்கொடை எழுதாதீர்கள். உயில் எழுதவும் தானம் எழுதவும் தெளிந்த புத்தி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. முன்பே கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் அவர் நினைவு தவறிய பிறகு பயன்படாது. அம்மாவுக்குக் கொடுக்க ஆசை என்றால், முதல் அறிகுறி தெரிந்து மருத்துவர் இன்னும் தெளிவு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் காலத்திலேயே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று மூளை தானம். நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. இந்த நோயைப் பற்றிய எத்தனையோ கேள்விகளுக்கு இறந்தவரின் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் பதில் தேடுகிறார்கள். ஆனால் பெங்களூரிலிருந்து நாம் இருக்கும் தூரத்துக்கு, முன்கூட்டியே அவர்களோடு பேசி, யார் எடுப்பது, எப்படி அனுப்புவது என்று முடிவு செய்திருந்தால்தான் நடக்கும். இறந்த அன்று யோசித்துப் பயனில்லை. உடல் தானம் என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால் அது மாணவர்கள் உடற்கூறு படிக்க உதவும், மறதிநோய் ஆய்வுக்குப் போவதில்லை. இரண்டும் ஒன்று என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

11. கொடுத்த பிறகு

முதல் வருட அறிக்கை 2025 சித்திரையில் வந்தது, நான்கு பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் ஒரு பக்கம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாதது எங்கள் தப்பு, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தம்பி போனில் படித்துச் சொன்னான். கணக்கில் பயணப்படி மட்டும் சொன்னதைவிடக் கூடியிருந்தது. கேட்டோம், ரசீதுகளின் நகல் அனுப்பினார்கள். அறிக்கையின் பின்னால் புதிய கேள்வித்தாளின் மாதிரி ஒன்று இணைத்திருந்தார்கள். முதல் கேள்வி தேதி. பக்கத்தில் சோதிப்பவருக்கான குறிப்பு: தமிழ் மாதம், தமிழ்த் தேதி சொன்னாலும் மார்க் போடவும். அந்தத் தாளை அம்மாவின் பட்டா நகலோடு அதே கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த அறிக்கைக்கு அவர்கள் சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்தாயிற்று.